செடி எந்த இடத்தில் வளர்கிறது?

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புகளில் பழைய மரங்களைக் கவனித்தால், ஏறுவதற்காக வெட்டிய படிகள் அடியிலிருந்து வரிசையாகத் தெரியும். இருபது வருடத்துக்கு முன் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் வெட்டிய படி இப்போது எவ்வளவு உயரத்தில் இருக்கும்? மரம் இதற்குள் எத்தனையோ அடி உயர்ந்துவிட்டதே, படியும் கூடவே மேலே போயிருக்கும் என்று தோன்றலாம். ஆனால் படி அதே மூன்றடியில்தான் இருக்கிறது.

கன்றுக்குட்டி வளரும்போது கால், கழுத்து, முதுகு எல்லாம் சேர்ந்து வளர்கின்றன. மரத்தின் கதை வேறு. கொத்தனார் சுவர் எழுப்பும்போது மேல் வரிசையில்தான் புதுக்கல் வைக்கிறார், கீழே வைத்த கல் வைத்த இடத்திலேயே நிற்கிறது. தென்னையும் அப்படித்தான் உயர்கிறது. அதன் உச்சியில், குருத்துக்கு அடியில், ஒரு சின்ன இடம் மட்டும் புதிய உடலைச் செய்துகொண்டே இருக்கிறது. செய்து முடித்த பகுதி நீண்டு, முற்றி, அப்படியே நின்றுவிடுகிறது.

இப்படி ஓயாமல் புதிய செல்களை உண்டாக்கும் இடத்துக்குப் பாடநூல்களில் ஆக்குத்திசு என்று பெயர். வேர், தண்டு, இலை, பூ என்று உறுப்புகளின் பெயரை மனப்பாடம் செய்வதைவிட, ஒரு செடியைப் பார்த்ததும் "இதற்கு வளரும் இடம் எது?" என்று தேடிப் பழகுவது நல்லது என்பது என் எண்ணம். அது தெரிந்துவிட்டால் கொழுந்து கிள்ளுவது, கரும்புத் துண்டான கரணையை நடுவது, மண் அணைப்பது என்று தோட்டத்து வேலைகள் பலவற்றின் காரணமும் தானாகவே விளங்கும்.

வளர்ச்சி என்பது இரண்டு வேலை. முதலில் செல் இரண்டாகப் பிரிகிறது. அப்புறம், பிரிந்த செல் தண்ணீரை உள்ளே இழுத்து உப்பி நீள்கிறது. கண்ணுக்குத் தெரிகிற உயரத்தில் பெரும்பகுதி இந்த இரண்டாவது வேலையால் வருவது. அதனால்தான் தண்ணீர் குறைந்ததும் பயிர் கட்டையாகிவிடுகிறது. ஒரு கரும்பை எடுத்துத் தோகையை உரித்து, கணுவுக்குக் கணு உள்ள இடைவெளியை அடியிலிருந்து பார்த்துக்கொண்டே வாருங்கள். நல்ல தண்ணீர் கிடைத்த மாதங்களில் கணுக்கள் தள்ளித் தள்ளி இருக்கும், கிணறு வற்றிய மாதத்தில் நெருங்கிக் கிடக்கும். பிற்பாடு எவ்வளவு மழை பெய்தாலும் நெருங்கிய கணு நீளாது, ஏனென்றால் அந்தப் பகுதி முற்றிவிட்டது.

ஒரு செல் எவ்வளவு தூரம் நீளும் என்பதற்குத் திருப்பூர்க்காரர்களுக்கு வெளியே தேட வேண்டியதில்லை. பஞ்சின் ஒவ்வொரு இழையும் ஒரே ஒரு செல். பருத்திப் பூ மலரும் நாளையொட்டி, காய்க்குள் இருக்கும் இளம் விதையின் மேல்தோலில் உள்ள செல்கள் நீளத் தொடங்குகின்றன. ஏறக்குறைய மூன்று வாரத்தில் 25 முதல் 30 மில்லிமீட்டர் வரை நீண்டுவிடும். அதன்பின் உட்சுவரில் செல்லுலோஸ் அடுக்கடுக்காகப் படிந்து இழை உறுதியாகிறது. காய் வெடிக்கும்போது செல் இறந்து, காய்ந்து, தட்டையாகி முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்கினால் இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால்தான் பஞ்சை நூலாக நூற்க முடிகிறது. கோவையில் உருவாக்கி 1974-ல் வெளியிட்ட சுவின் ரகத்தில் இழை நீளம் 38 மில்லிமீட்டரைத் தாண்டும். நாம் போட்டிருக்கும் பனியனும் வேட்டியும் இப்படிக் கணக்கில்லாத செல்கள்தான்.

மண்ணுக்குள்

நாலு தட்டைப்பயறை ஈரத்துணியில் கட்டி வையுங்கள். முதலில் வெளியே வருவது வேர். விதையைத் தலைகீழாக வைத்தாலும் வேர் வளைந்து கீழேதான் போகும். வேர் நுனியில் தொப்பி மாதிரி ஒரு மூடி இருக்கிறது. அதிலுள்ள செல்களில் மாவுத் துகள்கள் கனத்தால் கீழே படிகின்றன, அதை வைத்தே எது கீழ்ப்பக்கம் என்று வேர் உணர்ந்துகொள்கிறது. மண்ணில் உராய்ந்து தேய்வதும் இந்த மூடிதான். தேயத் தேயப் புதிதாக உண்டாகும்.

மூடிக்குச் சற்றுப் பின்னால் செல்கள் பிரிகிற இடம். அதற்குப் பின்னால் அவை நீளுகிற இடம். அதையும் தாண்டி, பஞ்சு போல மெல்லிய வேர்த்தூவிகள் முளைக்கிற இடம். தண்ணீரையும் அதில் கரைந்த சத்தையும் உறிஞ்சுவதில் பெரும்பங்கு இந்தத் தூவிகளுடையது. ஒவ்வொரு தூவியும் ஒரு தோல்செல்லின் நீட்சிதான், அதன் ஆயுளும் குறைவு. ஆக, விரல் பருமனுள்ள பழைய வேர் செடியைப் பிடித்து நிறுத்துகிறது, உணவுக்கான வேலை இளம் நுனிகளில் நடக்கிறது.

இதைத் தெரிந்துகொண்டால், நாற்றைப் பிடுங்கி நட்டதும் இரண்டு மூன்று நாள் ஏன் வாடுகிறது என்பது புரியும். பிடுங்கும்போது தூவிகள் மண்ணோடு போய்விடுகின்றன. புது நுனிகள் கிளம்பும்வரை செடிக்குத் தாகம் தீராது. கிணத்துக்கடவு, உடுமலைப் பக்கம் தக்காளிக்குக் குழித்தட்டு நாற்று பரவியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தட்டிலிருந்து வேரைச் சுற்றிய ஊடகத்தோடு அப்படியே எடுத்து வைப்பதால் நுனிகள் அறுபடுவதில்லை.

தட்டைப்பயறு, துவரை, பருத்தி போன்றவற்றில் முதலில் வந்த வேரே தடித்து ஆழமாக இறங்கும் ஆணிவேர் ஆகிறது. சோளத்தில் அந்த முதல் வேர் பெரிதாக நிலைப்பதில்லை, தண்டின் அடிக்கணுக்களிலிருந்து கொத்தாகச் சல்லிவேர்கள் கிளம்புகின்றன. வளர்ந்த சோளத்தட்டின் அடியில், தரைக்கு மேல் சுற்றிலும் ஊன்றி நிற்கும் முட்டுவேர்களைப் பார்த்திருப்பீர்கள். தென்னைக்கும் ஆணிவேர் கிடையாது. அடிக்கட்டையிலிருந்து ஆயிரக்கணக்கான வேர்கள் பக்கவாட்டில் பரவுகின்றன. உரத்தைத் தூரோடு ஒட்டிக் கொட்டாமல், மரத்தைச் சுற்றி ஆறடி ஆரத்தில் வட்டப்பாத்தி எடுத்து இடச் சொல்வது, உறிஞ்சுகிற வேர்கள் அந்தப் பரப்பில் நிறைய இருப்பதால்தான்.

மண்ணுக்குள் இருப்பதெல்லாம் வேர் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. ஈரோட்டு மஞ்சளையும் நாமக்கல், ராசிபுரம் பக்கத்துக் குச்சிக்கிழங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மஞ்சளில் வளையம் வளையமாகக் கோடுகள் தெரியும். அவை கணுக்கள். அவற்றில் சருகு போன்ற செதில் இலைகளும், அங்கங்கே முளைக்கக் காத்திருக்கும் மொட்டுகளும் உண்டு. கணுவும் மொட்டும் இருந்தால் அது தண்டு. மஞ்சள், மண்ணுக்குள் படுத்து வளரும் தண்டு. குண்டு மஞ்சள் தாய்த்தண்டு, விரலி அதிலிருந்து பிரிந்த கிளை. அதனால் ஒரு துண்டை நட்டால் முளைக்கிறது. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற மஞ்சள் என்று கடையிலிருந்து வாங்கி வந்து நட்டால் முளைக்காது. வேகவைத்துக் காயவைக்கும்போதே மொட்டுகள் செத்துவிடும். விதை மஞ்சளை வேகவைக்காமல் நிழலில் தனியாகச் சேமிப்பது இதற்காகத்தான்.

குச்சிக்கிழங்கில் கணுவும் இல்லை, மொட்டும் இல்லை. அது மாவைச் சேர்த்து வைத்துப் பருத்த வேர். கிழங்கை நட்டுப் பயனில்லை, குச்சியைத்தான் வெட்டி நட வேண்டும். குச்சியில் கணு உண்டு, மொட்டு உண்டு, மண்ணில் பட்ட அடிப்பக்கத்திலிருந்து வேரும் விடும். மொட்டு மேல்நோக்கி இருக்கும்படி நட வேண்டும்.

அடுப்படியில் உடனே செய்து பார்க்க ஒன்று: சின்னவெங்காயத்தை நெடுக்காக இரண்டாக வெட்டுங்கள். அடியில் வேர் முளைத்த இடத்தில் தட்டையாக, கெட்டியாக ஒரு சின்ன வட்டு இருக்கிறதே, அதுதான் தண்டு. நாம் உரித்துத் தாளிப்பது எல்லாம் சாறு நிறைந்த இலைகளின் அடிப்பாகம். நட்ட நடுவில் பச்சை கலந்து கூராக நிற்பது அடுத்த குருத்து.

கணுவும் மொட்டும்

மண்ணுக்கு மேலே வந்தால், தண்டின் அமைப்பு எல்லாச் செடியிலும் ஒன்றுதான்: கணு, இடைவெளி, மறுபடி கணு. ஒவ்வொரு கணுவிலும் இலை. இலைக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள இடுக்கில் ஒரு மொட்டு. அந்த மொட்டு கிளையாகலாம், பூவாகலாம், காலம் முழுக்க உறங்கியும் கிடக்கலாம்.

யார் அதை உறங்க வைப்பது? உச்சியில் உள்ள வளர்நுனி. அது ஆக்சின் என்ற ஒரு வேதிப்பொருளைச் செய்து கீழே அனுப்புகிறது. அது இறங்கி வந்துகொண்டிருக்கும்வரை பக்க மொட்டுகள் அடங்கியே இருக்கும். உச்சியைக் கிள்ளிவிட்டால் அடக்குவது நின்றுபோய், பக்கத்தில் இருப்பவை நாலைந்து ஒன்றாகக் கிளம்பும். அரவக்குறிச்சிப் பக்கம் செடிமுருங்கையை இரண்டரை அடி வந்ததும் கிள்ளிவிடுகிறார்களே, அது இந்தக் கணக்கு. கிள்ளாமல் விட்டால் ஒற்றைக் கொம்பாக ஓங்கிப் போய், கைக்கு எட்டாத உயரத்தில் நாலு காய் காய்க்கும். துவரையிலும் கொழுந்து கிள்ளுவதற்கு இதே காரணம்.

ஆனால் தென்னையில் கிள்ள முடியாது. அதற்குக் கிளைவிடும் பக்க மொட்டு கிடையாது. மட்டை இடுக்கில் வருவதெல்லாம் பாளை. மரம் முழுவதற்கும் வளரும் இடம் ஒன்றே ஒன்றுதான், உச்சியில் மட்டைகளுக்கு நடுவில் பத்திரமாகப் பொதிந்திருக்கிறது. அது அழுகினால் மரம் முடிந்தது. தென்னை வைத்திருப்பவர்கள் காண்டாமிருக வண்டுக்கு இவ்வளவு பயப்படுவதன் காரணம் இதுதான். வண்டு குருத்தின் இடுக்கில் துளைத்து, இன்னும் விரியாமல் மடிந்திருக்கும் இலையைக் கடித்துவிடுகிறது. அந்த இலை பிற்பாடு விரியும்போது கத்தரியால் வெட்டியதுபோல முக்கோணம் முக்கோணமாகக் குறைபட்டிருக்கும். நல்ல மரம் மாதத்துக்கு ஓர் இலைதான் விரிக்கும் என்பதால், நாம் பார்க்கும் வெட்டு பழைய காயம். வெட்டைப் பார்த்த அன்றே வைத்தியம் செய்தாலும், அதற்குள் உண்டான சேதம் அடுத்தடுத்த மட்டைகளில் வந்துகொண்டுதான் இருக்கும். ஆகவே குருத்தை ஒட்டிய மட்டை இடுக்குகளில் வேப்பங்கொட்டைத் தூளை மணலோடு கலந்து முன்கூட்டியே போட்டு வைப்பதும், வண்டு முட்டையிடும் எருக்குழியைக் கிளறிப் புழுக்களைப் பொறுக்குவதும் நல்லது. மரத்துக்கு உள்ள ஒரே உயிர்நிலை அது, காப்பாற்றாவிட்டால் மாற்று இல்லை.

வாழை இதற்கு நேர்மாறு. சத்தியமங்கலம், கோபிப் பக்கத்து வாழைத் தோட்டத்தில் நாம் மரம் என்று பார்ப்பது ஒன்றின்மேல் ஒன்று சுருண்ட இலையடிகளை மட்டுமே. உண்மையான தண்டு மண்ணுக்குள் இருக்கும் கட்டை. வளரும் இடமும் அங்கேதான். இளம் வாழையைத் தரைக்கு ஓரடி மேலே வெட்டிவிட்டு மறுநாள் போய்ப் பாருங்கள், நடுவிலிருக்கும் சுருள் இலை சில அங்குலம் மேலே தள்ளி நிற்கும். கத்தி பட்ட இடத்துக்கு வெகு கீழே வேலை நடந்துகொண்டிருக்கிறது.

பருமன் ஏறுவது

உயரம் நுனியில் வருகிறது என்றால் பருமன் எங்கே? வேம்பு, புளி, வெள்வேல் போன்ற மரங்களில் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மெல்லிய உறை போல ஓர் ஆக்குத்திசு சுற்றி ஓடுகிறது. இதற்குக் கேம்பியம் என்று பெயர். அது உட்பக்கமாகத் தண்ணீர் ஏற்றும் சைலம் குழாய்களையும், வெளிப்பக்கமாக இலையில் சமைத்த சர்க்கரையைக் கீழே கொண்டுபோகும் ஃபுளோயம் குழாய்களையும் உண்டாக்குகிறது. சைலம் சேர்ந்து சேர்ந்துதான் மரக்கட்டை ஆகிறது. வேப்பமரத்தில் அடித்த ஆணி உயரவில்லை, ஆனால் நாளடைவில் கட்டைக்குள் புதைந்துவிடுகிறது அல்லவா, அது இந்த உறையின் வேலை.

சர்க்கரை இறங்கும் பாதை பட்டையின் உட்புறம் இருப்பதால் பட்டையைச் சுற்றிலும் உரித்துவிட்டால் மரம் சாகும். வெள்ளாடு இளமரத்தின் பட்டையைச் சுற்றிக் கடித்துவிட்டாலோ, கட்டிய கம்பி இறுக்கிவிட்டாலோ நடப்பது இதுதான். ஆனால் உடனே தெரியாது. தண்ணீர் உட்கட்டை வழியாக ஏறிக்கொண்டே இருப்பதால் இலைகள் பல வாரம் பச்சையாகவே இருக்கும். இதற்குள் கீழே வேர் பட்டினி கிடக்கும். மேலே வாடியது கண்ணுக்குத் தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

தென்னை, பனை, வாழை, சோளம் எல்லாம் ஒரு விதையிலைச் செடிகள். இவற்றில் இந்த உறை கிடையாது, குழாய்கள் தண்டு முழுவதும் சிதறிக் கிடக்கும். தென்னையின் பருமன் உச்சியிலேயே தீர்மானமாகிவிடுகிறது. வறட்சிக் காலத்தில் உருவான பகுதி ஒல்லியாக அமைந்தால் அந்த இடுப்பு கடைசிவரை அப்படியே இருக்கும். வெட்டிய படிகள் தூர்ந்து போகாததும் இதனால்தான், புதுக்கட்டையும் பட்டையும் போட்டுக் காயத்தை மூட அங்கே ஆளில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே தென்னையில் படி வெட்ட வேண்டாம் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். காயத்தின் வழியாகச் சிவப்புக் கூன்வண்டு உள்ளே போக வசதியாகிவிடுகிறது.

இலையும் காற்றும்

செடியின் எடைக்கான பொருள் மண்ணிலிருந்து வருகிறது என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள். பெல்ஜியத்துக்காரரான வான் ஹெல்மான்ட், 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள ஒரு மரக்கன்றை நட்டு, தண்ணீர் மட்டும் ஊற்றி 5 ஆண்டு வளர்த்தார். மரம் 169 பவுண்டுக்கு வந்தது. மண்ணில் குறைந்தது ஏறக்குறைய 2 அவுன்ஸ்தான். 1648-ல் வெளிவந்த இந்தக் கணக்கைப் பார்த்து எல்லாம் தண்ணீரால் வந்தது என்று அவர் முடிவு கட்டினார். பாதி சரி. மீதி காற்றிலிருந்து வந்தது. இலை, கரியமில வாயுவையும் தண்ணீரையும் சேர்த்து வெயிலின் துணையோடு சர்க்கரை செய்கிறது. மரத்தின் உலர்ந்த எடையில் பெரும்பகுதி அந்தச் சர்க்கரையிலிருந்து வந்ததுதான்.

காற்றை உள்ளே விட இலையில் நுண்ணிய துளைகள் உண்டு, பெரும்பாலான மரங்களில் இலையின் அடிப்பக்கத்தில்தான் அதிகம். துளை திறந்தால் கரியமில வாயு உள்ளே வரும், நீராவி வெளியே போகும். வேர் உறிஞ்சுவதில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இப்படி ஆவியாகிவிடுகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வீசும் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் வரை எப்படி அடிக்கும் என்று நமக்குத் தெரியும். இலையைச் சுற்றி நிற்கும் ஈரத்தை அது வாரிக்கொண்டு போவதால் ஆவியாவது கூடுகிறது. வானம் மேகமாக இருந்தாலும் அந்த மாதங்களில் பயிர் தண்ணீர் கேட்பது இதனால்தான்.

மேய்ந்தாலும் வளரும் புல்

காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளை, அதாவது வேலி கட்டிய மேய்ச்சல் காடுகளை, பார்க்காதவர்கள் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல் மரங்கள், தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல். மாடும் செம்மறியும் ஆண்டுக்கணக்காக மேய்ந்தும் புல் திரும்பத் திரும்ப வருகிறது. முருங்கைக்கு உச்சியில் வளர்நுனி என்றால், புல்லுக்கு அது தரையோடு ஒட்டி, தூரில் இருக்கிறது. அதோடு இலை, அடிப்பக்கத்திலிருந்து நீளக்கூடியது. மாடு கடித்தது முற்றிய நுனியை மட்டுமே, வளரும் இடம் பல்லுக்கு எட்டவில்லை. அதே இடத்தில் ஒரு துவரைச் செடியை நுனியோடும் மொட்டுகளோடும் அடிவரை கடித்துவிட்டால் அது எழுவது கஷ்டம். ஆனால் புல்லையும் ஓய்வு கொடுக்காமல் மேய்த்தால் தூர் இளைத்துவிடும். அதனால்தான் பட்டி பட்டியாகப் பிரித்து மாற்றி மாற்றி மேய்க்கிறார்கள்.

கிளுவை வேலியும் ஒரு பாடம்தான். வெட்டிய கொம்பை மழைக்கு முன் ஊன்றிவிட்டால் வேர் பிடித்து வேலியாகிறது. தண்டிலிருந்தும் வேர் பிறக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கொங்கு நாட்டில் இல்லை.

பூத்தபிறகு

வளர்நுனி எந்நாளும் இலையையே செய்துகொண்டிருப்பதில்லை. ஒரு கட்டத்தில் அது பூவாக மாறிவிடுகிறது. அப்படி மாறினால் அந்தத் தண்டு அதற்குமேல் வளராது. வாழையில் மண்ணுக்குள் இருந்த நுனி பூவாகி, சுருண்ட இலையடிகளின் நடுவே ஏறி வந்து தாராக வெளிப்படுகிறது. நுனி தீர்ந்துவிட்டதால் தார் வெட்டியதும் அந்த மரத்துக்கு வேலை இல்லை, கட்டையின் பக்க மொட்டிலிருந்து வந்த கன்றுதான் இனி.

கரும்பு பூத்தாலும் வளர்ச்சி நின்றுவிடும், விவசாயிக்கு அது பிடிக்காது. ஆனால் கோயம்புத்தூரில் கரும்பு நன்றாகப் பூத்து விதை பிடிக்கும் என்பதே இந்த ஊருக்கு ஒரு பெருமையைக் கொண்டுவந்தது. 1912-ல் இங்கே கரும்பு இனப்பெருக்க நிலையம் அமைந்தது. சாதாரணக் கரும்பையும் காட்டுக் கரும்பையும் கலந்து உருவாக்கிய கோ 205 என்ற ரகம் 1918-ல் வட இந்தியாவுக்குப் போனது. விவசாயி கரணை வெட்டி நடும்போது மொட்டிலிருந்து தாயைப் போலவே பிள்ளை வருகிறது. புது ரகம் வேண்டுமானால் பூவும் விதையும் தேவை.

பூத்தபிறகும் புதிதாக ஒரு வளரும் இடத்தை உண்டாக்கிக்கொள்ளும் செடி ஒன்று நம் காட்டில் இருக்கிறது: கடலைக்காய். மஞ்சள் பூ தரைக்கு மேலேதான் பூத்து வாடுகிறது. அப்புறம் சூலகத்துக்கு அடியில் உள்ள செல்கள் பிரியத் தொடங்கி, ஊசி போல ஒரு விழுது கீழ்நோக்கி நீள்கிறது. அதன் நுனியில் வருங்கால விதைகள் இருக்கின்றன. பார்க்க வேர் போலத் தெரிந்தாலும் அது பூவின் பகுதி. மண்ணுக்குள் புகுந்து இருட்டானதும் நீளுவது நின்று, நுனி படுக்கையாகத் திரும்பிக் காயாகப் பருக்கிறது. தரையைத் தொட முடியாத உயரத்தில் பூத்த பூவின் விழுது காய்ந்து போகும். காய் பருக்கத் தேவையான சுண்ணாம்புச் சத்தை வேர் ஏற்றித் தருவது போதாது, சுற்றியுள்ள மண்ணிலிருந்து காயே நேராக எடுத்துக்கொள்கிறது. விதைத்த 40 முதல் 45 நாளில் ஜிப்சம் தூவி மண் அணைக்கச் சொல்வது இதனால்தான். விழுது இறங்க ஆரம்பித்தபின் களைவெட்டிச் செடியை அசைத்தால் இறங்கிய விழுதெல்லாம் அறுந்துவிடும். ஆகவே களையை அதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.